ரூபார்ப்: உண்ணும் காம்பும் உண்ணா இலையும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் என்னிடம் படித்த மாணவி. இப்போது கோயம்புத்தூரில் குடியிருக்கிறார். வீட்டு மாடியில் தொட்டிகள் வைத்துக் கீரையும் தக்காளியும் பயிரிடுகிறார். "ஐயா, ரூபார்ப் விதை ஒரு பொட்டலம் அஞ்சலில் வரவழைத்திருக்கிறேன். நம் பள்ளித் தோட்டத்தில் வளர்ந்ததே, அதே செடிதான். கோவை வெயிலில் அது வருமா? வந்தால் அதை எப்படிப் பக்குவம் செய்வது?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் விடையெழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தச் செடியைப் பற்றி ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன் நான். அதனால் விளைந்த துன்பம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஆகவே அவருக்கு நீளமாகவே எழுதினேன். அதையே நேயர்களுக்கும் இங்கே கூறுகின்றேன்.

ரூபார்ப்பைக் காணாதவர்கள் நம்முள் மிகப் பலர். அது மரமன்று, கொடியன்று. தண்டு நீண்டு கிளைக்கின்ற செடியுமன்று. மண்ணுக்குள் ஒரு தடித்த கிழங்கு. அதன் தலையிலிருந்து நேரே இலைகள் கிளம்பும். ஒவ்வோர் இலைக்கும் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை நீண்ட, சதைப்பற்றான காம்பு. காம்பின் மேல் யானைக்காது போல் அகன்ற இலை. சேம்பை அறிந்தவர்கள் அதன் உருவத்தை மனத்தில் கொண்டு, காம்புக்கு மட்டும் சிவப்பு நிறம் பூசிக்கொண்டால் போதும். காம்பு அடியில் சிவந்து, மேலே போகப் போகப் பசுமையாகும். முழுதும் சிவந்த வகையும் உண்டு. முழுதும் பச்சையான வகையும் உண்டு. உருவத்தால் சேம்பைப் போன்றிருந்தாலும் குலத்தால் அது சேம்புக்கு உறவன்று. நம் வீடுகளில் புளிப்புக்காகக் கடைந்து உண்ணும் சுக்கான்கீரையின் குலத்தைச் சேர்ந்தது. இந்த உறவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேண்டியிருக்கும்.

பெயரளவில் நமக்குப் புதியது போலத் தோன்றினாலும், இந்தக் குடும்பத்துக் கிழங்கு ஒன்றை நம் நாட்டு மருந்துக் கடைகள் நெடுங்காலமாக அறியும். ரேவல்சின்னி என்று மஞ்சள் நிறமாகத் துண்டு துண்டாக விற்கிறார்களே, அதுதான். 'ரேவந்த்' என்பது பாரசீகர் இட்ட பெயர். 'சீனி' என்றால் சீனத்திலிருந்து வந்தது என்று பொருள். இரண்டும் சேர்ந்து நம் நாவில் ரேவல்சின்னியாயின. சீனத்தின் மலைப்பகுதிகளிலிருந்து வந்த இந்தக் கிழங்கு, பேதி மருந்தாக ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றது. வால்கா ஆற்றுக்குப் பழங்காலத்தில் 'ரா' என்று ஒரு பெயர் வழங்கிற்று. அந்த ஆற்றுக்கு அப்பாலுள்ள அயல்நாட்டாரிடமிருந்து வரும் கிழங்கு என்னும் பொருளில் எழுந்த சொல்லே ரூபார்ப் என்பர். 1839-இல் சீனப் பேரரசின் அதிகாரியான லின் செசூ, அபினி வாணிகத்தை நிறுத்தும்படி விக்டோரியா அரசிக்கு ஒரு கடிதம் வரைந்தார். சீனத்தின் தேயிலையும் ரேவல்சின்னியும் கிடைக்காவிட்டால் அயல்நாட்டாரால் ஒரு நாளும் உயிர்வாழ முடியாது என்பது அக்கடிதத்தில் கண்ட வாதங்களுள் ஒன்று. மலச்சிக்கலைக் கொண்டு ஒரு பேரரசை மிரட்டிய வேறு கடிதம் உலக வரலாற்றில் உண்டா என்பது எனக்கு ஐயந்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மருந்துக்கு ஆகும் ரேவல்சின்னி வேறு. காம்புக்காகத் தோட்டத்தில் வளர்க்கும் ரூபார்ப் வேறு. ஒரு குடும்பத்தில் பிறந்த இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். என் நண்பர் ஒருவர், விதைக்கு அலைவானேன் என்று நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னியை வாங்கிவந்து, தொட்டியில் புதைத்து, இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினார். உலர்த்திய கிழங்கு முளைக்குமா? முளைக்காததைக் கண்டு சும்மா இருந்திருக்கலாம். எஞ்சிய துண்டைத் துவையல் செய்து பார்க்க எண்ணினார். வீட்டு அம்மையார் தடுத்ததால் பிழைத்தார். கிழங்கு கடும்பேதி மருந்து. மருத்துவர் அளந்து தந்தாலன்றி அதைத் தொடலாகாது.

காம்பை உண்ணும் வழக்கம் ஐரோப்பாவில் பிற்காலத்தில் பரவியது. காம்பின் புளிப்பு கடுமையானது. சர்க்கரை மலிவான பிறகே அது வீட்டு உணவாயிற்று. ஈரானில் இதன் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் காம்பை இறைச்சிக் குழம்பில் இட்டுச் சமைக்கிறார்கள். இளங்காம்பை உப்புத் தொட்டு அப்படியே தின்பதும் உண்டு. நம் நாட்டில் காசுமீரம் முதலிய இமயமலைப் பகுதிகளில் தானாக வளரும் இனம் ஒன்றின் காம்பை அங்குள்ள மக்கள் உண்கிறார்கள். காயா, கனியா என்னும் வழக்கும் இதற்கு வந்ததுண்டு. அமெரிக்காவில் பஃபலோ நகரில் 1947-இல் சுங்கவரி தொடர்பாக எழுந்த வழக்கில், மக்கள் இதை இனிப்பிட்டுக் கனி போலவே உண்பதால் இது கனியே என்று நீதிமன்றம் தீர்த்தது. தாவர நூலார் இதைக் காம்பு என்பர். நீதிபதி கனி என்றார். என் மாணவர்கள் கீரை என்று நினைத்தார்கள். மூன்று கருத்துகளில் ஆபத்தானது கடைசிக் கருத்துத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், வெப்ப நாட்டில் இது வளருமா என்னும் கேள்வி. இதற்கு விடை காண இச்செடியின் உறக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். குளிர்நாட்டில் ரூபார்ப் கோடையில் தழைக்கும். கூதிர்காலத்தில் இலைகள் மடியும். பனிக்காலம் முழுதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அந்த உறக்கம் முழுமையாகக் கலைய வேண்டுமானால் பல வாரங்கள் ஏறத்தாழ 4, 5 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் கிழங்கின் மேல் பட வேண்டும். குளிர் பட்ட கிழங்கு வசந்தத்தில் பெருத்த காம்புகளை விடும். படாத கிழங்கு மெலிந்த காம்புகளை விட்டு நாளடைவில் நலியும். கோடையிலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. சராசரி வெப்பம் 24 பாகைக்கு மேற்பட்டால் வளர்ச்சி தளரும். கடும் வெயிலில் இலை துவண்டு மண்ணில் படுத்துவிடும்.

குளிரின் தேவையை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதி உழவர்கள் நன்கு கற்றிருக்கிறார்கள். வேக்ஃபீல்டு, லீட்ஸ் நகரங்களைச் சூழ்ந்த வட்டாரத்தில் இது தனித்தொழிலாகவே நடந்து வருகிறது. இரண்டு ஆண்டுகள் கிழங்கை வெளி நிலத்தில் வளர்த்து, காம்பு பறிக்காமல் அதைத் தடிக்கவிடுவார்கள். உறைபனி போதிய அளவு விழுந்த பிறகே அதைப் பெயர்த்தெடுத்து, வெளிச்சம் புகாத வெதுவெதுப்பான கொட்டகையில் அடுக்குவார்கள். பனி போதவில்லையென்றால் எவ்வளவு சூடேற்றினாலும் பயனில்லை. இருளில் வெளிச்சத்தைத் தேடிக் காம்புகள் விரைந்து நீளும். மொட்டுகள் வெடிக்கும் ஓசை காதில் கேட்கும் என்று அங்கே சென்றவர்கள் கூறுகிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பறிப்பார்கள். மிகுந்த வெளிச்சம் பட்டால் காம்பின் மென்மை போய்விடும். இத்தனை ஏற்பாடுகளுக்கும் அடிப்படை முன்னால் விழுந்த பனி. அந்தப் பனிக்கு நாம் எங்கே போவது?

தமிழகத்தில் அதற்கு ஓரளவு வாய்த்த இடம் நீலகிரி மேட்டுநிலம். கோயம்புத்தூர் ஆட்சித் தலைவராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் முதன்முதல் மலையேறிச் சென்றார். அதன் பின்னர் ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக் காய்கறிகளையும் கனிகளையும் ஒவ்வொன்றாகக் கொணர்ந்து அங்கே பயிரிட்டனர். இன்று மலர்க்காட்சிக்குப் பெயர்பெற்ற உதகைத் தாவரவியல் பூங்கா இருக்குமிடத்தில், பூங்கா அமைவதற்கு முன் காய்கறித் தோட்டமே இருந்தது. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே பள்ளத்தாக்குப் புல்வெளிகளில் உறைபனி விழும். ஆனால் பகலில் வெயில் காய்ந்துவிடும். ஆகவே ரூபார்ப் கிழங்கு அங்கே கண்ணை மூடுகிறதே தவிர ஆழ்ந்து உறங்குவதில்லை. நான் பணியாற்றிய பள்ளியின் தோட்டத்தில் அது இலையெல்லாம் மடிந்து நின்றதை ஒரு குளிர்காலத்திலும் நான் கண்டதில்லை. காம்பும் யார்க்‌ஷயர்க் காம்பின் பருமனுக்கு வந்ததில்லை. கட்டைவிரல் தடிமனுக்கு வந்தால் மகிழ்ந்தோம். மண்ணைப் பொறுத்தவரை குறையில்லை. தேயிலைக்கு உகந்த புளிப்பு மண் இதற்கும் உகந்ததே. இனிமேல் எப்படியோ! 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே வெப்பம் 29 பாகையைத் தொட்டது. அந்த நாள்களில் மலையிலும் ரூபார்ப் இலைகள் துவண்டிருக்கும்.

அப்படியானால் சமவெளியில்? இங்கே அமெரிக்காவின் தென்பகுதி மக்களுடைய வழி நமக்கு உதவுகிறது. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் கோடை கொடியது. கிழங்கு மண்ணுக்குள் அழுகிவிடும். அதைக் கண்ட தோட்டக்காரர்கள், பல்லாண்டுச் செடியாக வைத்துக்கொள்ளும் ஆசையையே விட்டுவிட்டார்கள். கோடை இறுதியில் விதைத்து, குளிர் தொடங்கியதும் நாற்றை நட்டு, அடுத்த கோடை முற்றுவதற்குள் காம்பைப் பறித்துவிட்டுச் செடியைக் களைந்துவிடுகிறார்கள். பல்லாண்டுச் செடியை ஒரு பருவச் செடியாக நடத்தும் உபாயம் இது. உறக்கமே வேண்டாதபோது உறங்குவதற்குக் குளிர் எதற்கு?

வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் சிலர் முயன்றிருக்கிறார்கள். புதிய புதிய பயிர்களை உருவாக்கிய லூதர் பர்பாங்க் என்பவர், நியூசிலாந்திலிருந்து கிழங்குகளை வரவழைத்துக் கலிபோர்னியாவில் சான்டா ரோசா என்னும் ஊரில் வளர்த்து, தேர்ந்தெடுத்து, மிதமான குளிருள்ள இடங்களில் பனிக்காலத்திலும் காம்பு தரும் வகை ஒன்றை 1900-ஐ ஒட்டி வெளியிட்டார். குளிர் குறைவாகத் தேவைப்படும் வகைகள் இன்றும் உண்டு. எனினும் கிழங்காகக் கிடைத்தாலன்றி வகையின் குணத்தை நம்ப முடியாது. விதையிலிருந்து வரும் நாற்றுகள் தாயை ஒத்திருப்பதில்லை. ஒரே பொட்டலத்து விதையில் சிவந்த காம்பும் வரும், பச்சைக் காம்பும் வரும். விதைப்பவர்கள் பெரும்பாலும் நாடுவது விக்டோரியா என்னும் பழைய வகை.

என் மாணவிக்கு எழுதிய முறை இதுதான். விதை, காகிதம் போன்ற மெல்லிய சிறகுகளுடன் இருக்கும். இரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, புரட்டாசித் தொடக்கத்தில் சிறு பைகளில், அரை விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலும் முளைக்கும். நான்கைந்து இலை விட்டதும், ஐப்பசி மழையின் வேகம் தணிந்த பிறகு, பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு செடிக்கு ஒரு தொட்டி. அதுவும் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குறையாதது. நிலத்தில் நடுவதானால் செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி, மேட்டுப்பாத்தி. நன்கு மக்கிய தொழு உரத்தைத் தாராளமாக இடலாம், இச்செடி பெருந்தீனிக்காரன். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கலாகாது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் கிழங்கின் தலை அழுகுவதே வெப்ப நாட்டில் இதைக் கொல்லும் முதல் நோய். அழுகத் தொடங்கினால் மருந்து தேடிக் காசைச் செலவிட வேண்டாம். பிடுங்கி எறிந்துவிட வேண்டியதுதான். காலை வெயில் படட்டும். நண்பகலுக்குப் பின் நிழல் வேண்டும். சென்னை முதலிய கடற்கரை ஊர்களில் மார்கழி வரை மழை நீடிக்கும் ஆண்டுகளில் தொட்டிகளைக் கூரையின் கீழ் இழுத்துவைக்க வேண்டியிருக்கும்.

மாசியில் முதற்காம்புகளை எடுக்கலாம். கத்தியால் அறுக்கக் கூடாது. அறுத்த அடிப்பகுதி அழுகிக் கிழங்கையும் கெடுக்கும். காம்பின் அடியைப் பற்றி, சற்றுத் திருகி, வெளிப்புறமாக இழுத்தால் பிரிந்து வரும். மலைநாட்டில் நட்டவர்கள் முதல் ஆண்டு ஒரு காம்பும் எடுக்காமல் கிழங்கைத் தேறவிட வேண்டும். பின்னரும் ஒரே முறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பறிக்கலாகாது. சமவெளியில் அந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை. எப்படியும் சித்திரை வெயில் செடியை எடுத்துக்கொண்டுவிடும். அதற்கு முன் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பணி ஓய்வுக்குப் பின் சமவெளியில் என் மகள் வீட்டு மாடியில் ஒருமுறை பன்னிரண்டு விதை ஊன்றினேன். ஒன்பது முளைத்தன, நான்கு தொட்டிக்கு வந்தன, ஒன்று மழையில் அழுகிற்று. எஞ்சிய மூன்று செடிகள் சுண்டுவிரல் பருமனில், பெரும்பாலும் பச்சை நிறத்தில் காம்பு தந்தன. குடும்பத்தார் ஐந்து பேருக்கு இரண்டு வேளைப் பச்சடி ஆயிற்று. அந்தத் தொட்டிகளில் கத்தரி வைத்திருந்தால் மூன்று மாதம் குழம்புக்குக் காய் கண்டிருக்கும் என்று என் மனைவியார் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. வருவாய்க்காகச் சமவெளியில் ரூபார்ப் பயிரிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஓர் அயல்நாட்டுச் செடியின் இயல்பை அறியும் ஆவல் உள்ளவர்கள் நான்கு தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்கு விலைக்கு வாங்குவதே வழி. உதகைச் சந்தையில் இது எப்போதாவது கட்டுக்கட்டாக வரும். நாள்தோறும் எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவந்த காம்பு இனிக்கும் என்று எண்ணுவது தவறு. சிவப்பு என்பது வகையையும் குளிரையும் பொறுத்தது. வெப்பம் மிகுந்த இடத்தில் நல்ல காம்பும் பச்சையாகவே இருக்கும். பார்க்க வேண்டியது உறுதி. ஒடித்தால் வெள்ளரிப் பிஞ்சு போல் ஓசையுடன் ஒடிய வேண்டும். வளைத்தால் ரப்பர் போல் வளைவது பழையது. மிகப் பருத்த காம்பில் நார் மிகும், இடைத்தரமானதே சுவை. இலையோடு விற்றால் வாங்கிய இடத்திலேயே இலையை அரிந்து தள்ளச் சொல்ல வேண்டும். காரணம் இரண்டு. வெப்பத்தில் அகன்ற இலை வழியாக நீர் வெளியேறுவதால், வீடு சேர்வதற்குள் காம்பு வாடிவிடும். மற்றொரு காரணம் வீட்டுக்குள் அந்த இலை நுழையவே கூடாது என்பது. வாடிய காம்பைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் ஓரளவு நிமிரும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

இனி, சொல்லாமல் விட்டேன் என்றேனே, அதைச் சொல்லுகிறேன்.

1990-இல் நான் நீலகிரியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மாளிகையில் பழைய ரூபார்ப் கிழங்குகளைப் பெயர்த்தெறிந்தார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி வந்து, மாணவர்களைக் கொண்டு பள்ளித் தோட்டத்தில் நட்டேன். கிழங்கின் தலையை மொட்டோடு வெட்டி நடுவது எப்படி, இலை எப்படி நேரே கிழங்கிலிருந்து கிளம்புகிறது, காம்பு எது, தண்டு எது என்றெல்லாம் பாடம் நடத்தினேன். இலையின் படத்தை வரையச் செய்தேன். அதன் இலத்தீன் பெயரைக் கூட எழுதி மனப்பாடம் செய்தார்கள். அடுத்த ஆண்டு காம்புகள் வந்தன. வகுப்புக்கு ஒரு கட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். அரிந்த இலைகளைத் தோட்டத்து மூலையில் எருக்குழிக்கு அருகே குவித்துவிட்டு வீடு சென்றேன்.

அன்று மாலை, தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு சிறுவன் அந்தக் குவியலைப் பார்த்தான். அவன் காம்பு பெற்ற வகுப்பைச் சேர்ந்தவன் அல்லன். பசேலென்று, பூச்சி அரிக்காமல், ஒரு கூடை இலை வீணாகிறதே என்று நினைத்து வாரிக் கட்டிக்கொண்டு போனான். அவன் தாய் அதை நறுக்கி, நிறம் மாறாதிருக்கச் சிறிது சோடா உப்பிட்டு வேகவைத்துக் கடைந்தார். இலை புளித்தது. புளிச்சக்கீரையும் சுக்கான்கீரையும் உண்டு பழகிய நாவுக்குப் புளிப்பு ஓர் எச்சரிக்கையாகுமா? நல்ல கீரை என்றே நினைத்து, தாயும் அவனும் தங்கையும் வயிறார உண்டார்கள். இரவெல்லாம் வாந்தி, வயிற்றெரிச்சல், தொண்டைக் காந்தல். மறுநாள் அவன் வராததைக் கண்டு விசாரித்தபோது மூவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். தங்கைக்கு ஏழு வயது. அவள் கண் திறக்க இரண்டு நாளாயிற்று. நான் போய் நின்றபோது அந்தத் தாய் என்னைக் கோபிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக் கீரைதானே, வாத்தியாரையா, அதிலே கெடுதல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை" என்றார். நான் விடை சொல்லவில்லை. மூவரும் நலமடைந்து வீடு திரும்பினார்கள். என் பாடக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். இலையின் நீளம், அகலம், நரம்பமைப்பு எல்லாம் இருந்தன. உண்ணலாகாது என்னும் ஒரு சொல் இல்லை.

இலையில் உள்ள நஞ்சு ஆக்ஸாலிக் அமிலம். நம் தோட்டங்களில் தானே முளைக்கும் புளியாரையின் இனத்திலிருந்து அதற்கு அப்பெயர் வந்தது. சுக்கான்கீரை, பசலைக்கீரை முதலியவற்றிலும் அது உண்டு. ரூபார்ப்பின் காம்பிலும் சிறிது உண்டு. காம்பின் புளிப்புக்குப் பெரும்பான்மை காரணம் ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். இலையிலோ ஆக்ஸாலிக் அமிலம் ஏறத்தாழ நூற்றில் அரைப் பங்கு வரை இருக்கிறது. அதனோடு வேறு நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கக்கூடும் என்பர். இந்த அமிலம் உடலில் உள்ள கால்சியத்தோடு கூடிக் கரையாத பளிங்குகளாகிறது. அவை சிறுநீரகத்தைத் தாக்கும். சேம்பும் சேனையும் நாவில் அரிப்பை எழுப்பி நம்மை முன்கூட்டியே விலக்கிவிடும். ரூபார்ப் இலை அப்படி ஒன்றும் செய்வதில்லை. சோடா உப்பிட்டுச் சமைத்தால், அமிலம் நீரில் கரையும் உப்பாக மாறுகிறது. ஆகவே நஞ்சு தணிவதில்லை. வேகவைத்து நீரை வடித்துவிட்டால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. உயிர் போவதற்குச் சில கிலோ இலை உண்ண வேண்டும் என்று கணக்கிட்டு அலட்சியமாகப் பேசுவோரும் உண்டு. நோய்ப்பட அவ்வளவு வேண்டியதில்லை. சிறு பிள்ளைக்கும் சிறுநீரகக் குறையுள்ளவர்க்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

இத்தவற்றைச் செய்தவன் நான் ஒருவன் அல்லன் என்பதைப் பின்னால் படித்து அறிந்தேன். முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் உணவு முடை ஏற்பட்டபோது, வீணாகும் ரூபார்ப் இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று மக்களுக்கு அறிவுரை கூறினார்கள். பலர் நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. கீரையுண்ணும் பழக்கம் மிகுந்த நம் நாட்டில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. அந்த நாட்டினர் இலையை எறிந்துவிட்டுக் காம்பை வைத்துக்கொள்வார்கள். நம் கை இயல்பாகவே காம்பை எறிந்துவிட்டு இலையை வைத்துக்கொள்ளும். ஆடு மாடுகளுக்கும் இந்த இலையைப் போடலாகாது. எருக்குழியில் இட்டு மண்ணால் மூடிவிட்டால் மக்கும்போது நஞ்சு சிதைந்துவிடும். அந்த எருவால் கேடில்லை. தவறி எவரேனும் உண்டுவிட்டால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், எஞ்சிய இலை ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பக்குவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காம்பை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கையளவு நீர் தெளித்து மூடினால் ஐந்தாறு நிமிடங்களில் குழைந்துவிடும். மாங்காய்ப் பச்சடிக்குப் போலவே வெல்லமும் சிறிது உப்பும் சேர்த்து, கடுகும் மிளகாயும் தாளித்தால் நம் நாவுக்கு ஏற்றதாகும். மாங்காய் இல்லாத மாதங்களில் பருப்பில் இடலாம். அலுமினியப் பாத்திரம் கூடாது. அமிலம் அதை அரித்துவிடும். எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் காம்பையும் தவிர்ப்பதே நன்று.

இவ்வளவையும் எழுதி, கடிதத்தின் தலைப்பில், "அம்மா, விதையை ஊன்றுவதற்கு முன் இதைச் செய்யவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பலகை நட்டு, 'காம்பு மட்டும். இலை நஞ்சு' என்று எழுதிவைக்கவும், வீட்டில் சமைப்பவரிடமும், மாடியைப் பெருக்க வருபவரிடமும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் வாயாலும் சொல்லிவிடவும் கேட்டுக்கொண்டேன். ஐப்பசியில் விடை வந்தது. ஏழு நாற்றுகள் முளைத்து ஐந்து நிற்கின்றனவாம். பலகைகளை அவருடைய மகனே சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்; நிழற்படம் அனுப்பியிருந்தார். நாற்றைவிடப் பலகை பெரிதாக இருந்தது.